வேதிப் பிணைப்பின் வரலாறு – 9: நேரான மூலக்கூறும் வளைந்த மூலக்கூறும்

1916ஆம் ஆண்டிலே கில்பேட் லூயிஸ் என்னும் அமெரிக்க இரசாயன அறிஞர், இரண்டு அணுக்கள் ஒரு சோடி இலத்திரன்களைத் தமக்குள் பொதுவாக வைத்துக்கொள்வதே பங்கீட்டு வலுப்பிணைப்பு என்று நிலைநாட்டியதையும், 1932இலே லைனஸ் போலிங், அந்தப் பொதுச் சொத்தை எந்த அணு எவ்வளவு பலமாகத் தன் பக்கம் இழுக்கும் என்பதை அளந்து காட்ட மின்னெதிர்த்தன்மை என்னும் அளவுகோலை வகுத்ததையும் முந்திய அத்தியாயங்களிற் பார்த்தோம். இவ்விரண்டையும் கற்றுத் தேறிய மாணாக்கன் ஒருவன், இனி எந்த மூலக்கூறைக் காட்டினாலும் அது முனைவுடையதா முனைவற்றதா என்று சொல்லிவிடலாம் என்றே நினைப்பான். காபனீரொட்சைட்டை அவன் முன் வைத்தால் அந்த நம்பிக்கை தகர்ந்துவிடும். காபனைக் காட்டிலும் ஒட்சிசனுக்கு இலத்திரன் மீது பற்று அதிகம். ஆகவே அங்குள்ள இரண்டு பிணைப்புகளும் முனைவுடையவை. எனினும் மூலக்கூறு முழுவதையும் அளந்தால் அதன் இருமுனைவுத் திருப்புதிறன் பூச்சியம். நீரிலும் நடுவே ஓர் அணு, இரு பக்கத்திலும் ஒவ்வோர் அணு, இரண்டு முனைவுப் பிணைப்புகள். அதனை அளந்தாலோ 1.85 டெபாய் என்று வருகிறது. காபனீரொட்சைட்டு நேர்கோடாய் நிற்பதால் ஒரு பக்கத்து இழுப்பை மறு பக்கத்து இழுப்பு சரிக்கட்டிவிடுகிறது. நீர் வளைந்து நிற்பதால் இரண்டு இழுப்பும் சேர்ந்து ஒட்சிசன் பக்கம் சாய்கின்றன. பிணைப்பின் தன்மை தெரிந்தால் மட்டும் போதாது, மூலக்கூறின் வடிவமும் தெரிந்தாக வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். அந்த வடிவத்தைக் கருவி எதுவும் இன்றி, கடதாசியில் இலத்திரன்களை எண்ணிப் பார்த்தே சொல்லிவிடும் உபாயம் எப்படிப் பிறந்தது என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

விட்பியில் வாழும் நமக்கு இந்த விஷயத்தில் விசேஷமான ஒரு பாத்தியதை உண்டு. ஒன்ராறியோ மாகாணத்துப் பாடத்திட்டத்தின்படி, பன்னிரண்டாம் வகுப்பு இரசாயனத்தை, அதாவது எஸ்.சி.எச். 4யு என்று பிள்ளைகள் சொல்லும் பாடத்தை எடுப்பவர்கள், மூலக்கூறின் வடிவத்தை ஊகித்து, அதிலிருந்தும் மின்னெதிர்த்தன்மை வேறுபாட்டிலிருந்தும் அதன் முனைவைச் சொல்லப் பழக வேண்டும். அதற்கு அவர்கள் கையாளுவது வலுவளவோட்டு இலத்திரன் சோடித் தள்ளுகைக் கொள்கை. வி.எஸ்.ஈ.பி.ஆர். என்று ஐந்து எழுத்தில் அதனைச் சுருக்கிச் சொல்வது வகுப்பறை வழக்கம். அந்தப் பெயரை அதற்குச் சூட்டியவர், விட்பி நிலையத்திலே கோ ரயில் ஏறி, யூனியன் நிலையத்தில் மாறி, ஒன்ராறியோ ஏரியின் கரையை ஒட்டியே மேற்கு நோக்கிப் போனாற் சேரக்கூடிய ஹமில்டன் நகரத்து மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்திலே பல தசாப்தங்கள் கற்பித்து வாழ்ந்த ரொனல்ட் கிலெஸ்பி என்னும் பேராசிரியர். அயல் நகரத்து மனிதரான அவர் பெயரை, அவருடைய கொள்கையை மனனம் செய்து பரீட்சை எழுதும் நம் பிள்ளைகளிற் பலர் கேள்வியுற்றிருக்கவும் மாட்டார்கள் என்பது எனக்கு நெடுநாளாக இருந்துவரும் மனக்குறை.

கொள்கைக்கு முன்னே வடிவத்தைப் பரிசோதனையாற் காண வழி தேடியவர்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1912ஆம் ஆண்டிலே ஒல்லாந்தரான பீற்றர் டெபாய், சில மூலக்கூறுகள் இயல்பாகவே ஒரு முனையில் நேர் மின்னும் மறு முனையில் எதிர் மின்னும் சாய்ந்தவை என்ற கருத்தை வெளியிட்டார். மின்புலத்தில் வைத்தால் அத்தகைய மூலக்கூறுகள் புலத்தின் திசையிலே திரும்பி அணிவகுக்க முயலும். வெப்பம் ஏற ஏற அவற்றின் சஞ்சலம் மிகுந்து அணி குலையும். முனைவற்றவற்றுக்கோ இந்த அணியும் இல்லை, குலைவும் இல்லை. ஆகையால் ஒரு வாயுவின் மின்னுழைய மாறிலி வெப்பநிலையோடு எவ்வாறு மாறுகிறது என்று அளந்தாலே அதன் மூலக்கூறு முனைவுடையதா என்பது வெளிப்பட்டுவிடும். இந்தப் பணிக்காகவும் இதனோடு இயைந்த பிற ஆராய்ச்சிகளுக்காகவும் 1936இல் அவருக்கு இரசாயனத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது. திருப்புதிறனின் அலகும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

மற்றொரு வழியைத் திறந்துவிட்டவர்கள் தமிழர்கள். திருச்சிராப்பள்ளியிற் பிறந்த ச. வே. இராமன், 1924ஆம் ஆண்டிலே பிரித்தானிய விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் ரொறன்ரோவிற் கூடியபோது, ஒளிச் சிதறலைப் பற்றிய விவாதத்தைத் தொடக்கி வைக்கும்படி அழைக்கப்பட்டு இங்கு வந்தார். கனடாத் தமிழர் என்று சொல்லிக்கொள்ள ஒரு சமூகம் உருவாவதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்னர், இந்த நகரத்திலே ஒரு தமிழர் பேசிய விஞ்ஞானம் அது. நான்கு ஆண்டுகள் சென்று, 1928 பெப்ரவரியிலே, கல்கத்தாவிலுள்ள இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில், வத்திராயிருப்பிலே பிறந்த கே. எஸ். கிருஷ்ணனின் துணையோடு, இன்று இராமன் விளைவு என்று வழங்கும் தோற்றப்பாட்டை அவர் கண்டறிந்தார். ஒரு மூலக்கூறின் மீது விழுந்து சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வருகிறது. அந்த மாற்றத்தின் அளவு, மூலக்கூறு எவ்வெவ்வாறு அதிர்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறது. ஐதரசன், நைதரசன், ஒட்சிசன் போன்ற, ஒரே இன அணு இரண்டு சேர்ந்த முனைவற்ற மூலக்கூறுகள், அதிரும்போதுகூட முனைவு பெறாமையால் செங்கீழ்க் கதிர்களை உறிஞ்சுவதில்லை. அவற்றின் அதிர்வை இராமன் நிறமாலை காட்டிக்கொடுத்தது. 1929ஆம் ஆண்டிலேயே, ரொறன்ரோப் பல்கலைக்கழகத்திலே, ஹீலியத்தைத் திரவமாக்குவதில் உலகின் இரண்டாவது ஆய்வுகூடம் என்ற பெருமையை ஆறு ஆண்டுகளுக்கு முன்னரே பெற்றிருந்த மக்லெனன் என்பவர், மக்லியோட் என்பவரோடு சேர்ந்து, திரவ ஐதரசன், திரவ நைதரசன், திரவ ஒட்சிசன் ஆகியவற்றின் இராமன் நிறமாலையைப் பதிவு செய்தார்.

இராமன் ரொறன்ரோவுக்கு வந்த அதே 1924ஆம் ஆண்டிலே இலண்டனிற் பிறந்தவர்தான் நமது கிலெஸ்பி. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலே கிறிஸ்தோபர் இன்கோல்ட் என்னும் பேராசானிடம் ஆராய்ச்சி மாணவராக அமர்ந்த அவருக்குக் கிடைத்த வேலை, கேட்பதற்கு ஆர்வமூட்டுவதாகத் தோன்றாது: தூய சல்பூரிக்கமிலத்திலே வெவ்வேறு பொருள்களைக் கரைத்து, அதன் உறைநிலை எவ்வளவு இறங்குகிறது என்று அளப்பது. இந்த வேலையின் தத்துவம் விட்பிவாசிகளுக்குப் புதியதன்று. மாரி காலத்திலே நகரசபை வண்டிகள் தெருவெங்கும் இறைத்துப் போகும் உப்பு, பனிக்கட்டியை இளக்குவது இதே விதியால்தான். ஒரு திரவத்திலே அந்நியத் துணிக்கைகள் எத்தனை கலந்தனவோ அத்தனைக்கு அதன் உறைநிலை தாழும். உப்பின் ஒவ்வோர் அலகும் நீரிலே சோடியம் அயன், குளோரைட்டு அயன் என்று இரண்டாகப் பிரிவதால், பிரியாத வெல்லத்தைக் காட்டிலும் அதன் வேகம் இரட்டிப்பு. அவ்வயன்களை நீர் பிரித்தெடுக்க வல்லதாய் இருப்பதற்குக் காரணமும் நீரின் முனைவே. ஒட்சிசன் முனை சோடியத்தையும் ஐதரசன் முனை குளோரைட்டையும் சூழ்ந்துகொள்கின்றன.

ஏறக்குறைய 10 பாகை செல்சியசிலே உறையும் சல்பூரிக்கமிலத்தில் நைத்திரிக்கமிலத்தைக் கரைத்தபோது, ஒரு மூலக்கூறுக்கு ஒன்று என்று எதிர்பார்க்கத்தக்க இறக்கத்தைப் போல நான்கு மடங்கு கிடைத்தது. ஒரு மூலக்கூறு நான்கு துணிக்கைகளைப் பிறப்பித்தது என்பதே இதன் பொருள். அவற்றுள் ஒன்று நைத்திரோனியம் அயன். ஒரு நைதரசனும் இரண்டு ஒட்சிசனும் சேர்ந்து, ஓர் இலத்திரனை இழந்து நிற்பது. வெடிமருந்து முதற் சாயம் வரை எத்தனையோ பொருள்களின் தயாரிப்பிலே தாக்கும் படையாக முன்னிற்பது. அப்படியொன்று உண்டா இல்லையா என்பது அக்காலத்திலே பெரும் விவாதம். உறைநிலை ஒரு சாட்சி சொல்ல, இராமன் நிறமாலை மற்றொரு சாட்சி சொல்லிற்று: அந்த அயனிடமிருந்து பளிச்சென்ற ஒற்றைக் கோடு ஒன்று வந்தது, நேர்கோடாய், இருபுறமும் சமமாய் நிற்கும் மூவணு மூலக்கூறு ஒன்றின் அடையாளம் அது. கல்கத்தாவிலே இராமனும் கிருஷ்ணனும் கண்ட ஒளி, இலண்டன் வழக்கொன்றிலே தீர்ப்புக்கு உதவிய வரலாறு இது.

இந்த நைத்திரோனியத்தை இங்கே சற்று நின்று பார்ப்பது தகும். ஏனெனில் பின்னர் வந்த கொள்கை முழுவதையும் மூன்றே உருக்களில் இது காட்டிவிடுகிறது. நைத்திரோனியத்தில் நடு நைதரசனிடம் பிணைப்பிற் சேராத இலத்திரன் எதுவும் இல்லை. அதன் கோணம் 180 பாகை, நேர்கோடு. அதற்கு ஓர் இலத்திரனைக் கொடுத்தால் நைதரசனீரொட்சைட்டு வரும். வாகன நெரிசலிலே மூச்சை அடைக்கும் கபில நிற வாயு அது. சேராத இலத்திரன் ஒன்று நைதரசனிடம் தங்க, கோணம் 134 பாகையாகச் சுருங்குகிறது. மேலும் ஓர் இலத்திரனைக் கொடுத்தால் நைத்திரைற்று அயன்; நைதரசனிடம் இப்போது முழுத் தனிச்சோடி; கோணம் 115 பாகை. அணுக்கள் மூன்றும் அவையே; மாறியது பிணைப்பிற் பங்கு கொள்ளாத இலத்திரன் மட்டுமே. பங்கு கொள்ளாதது என்று நாம் ஒதுக்கிவிட்ட அந்த இலத்திரன்தான் மூலக்கூறை வளைக்கிறது.

அதே கல்லூரியிலே கிலெஸ்பியோடு பணியாற்றியவர் ரொனல்ட் நைஹோம். அவுஸ்திரேலியாவின் சுரங்க நகரமாகிய புறோக்கன் ஹில்லில் 1917இற் பிறந்தவர். அந்த நகரத்துத் தெருக்களுக்கே ஒட்சைட்டுத் தெரு, சல்பைட்டுத் தெரு, குளோரைட்டுத் தெரு என்று பெயர். குழந்தைப் பருவத்திலேயே இரசாயனத்தின் மீது நடந்து பழகியவர் என்று அவரைச் சொல்லலாம். இருவருக்கும் கற்பித்தலிலே மெய்யான ஈடுபாடு. அக்காலத்து ஆசிரியர்கள் மூலக்கூறு வடிவத்தைக் கலப்பு ஓபிற்றல்களைக் கொண்டு, அதாவது அணுவிலே இலத்திரன்கள் உலவும் வெளிகளை ஒன்றோடொன்று கலந்து பெறும் புதிய வெளிகளைக் கொண்டு, விளக்குவதே வழக்கமாயிருந்தது. ஆயின் வடிவம் முன்னரே தெரிந்திருந்தாலன்றி எந்தக் கலப்பை எடுப்பது என்று அந்த முறையிற் சொல்ல இயலாது. வடிவத்தை அறியாத மாணவனுக்கு அது எப்படி உதவும்?

அவர்கள் திரும்பிப் பார்த்தது, 1940இலே ஒக்ஸ்போர்ட் அறிஞர்களான சிட்விக்கும் பவலும் வெளியிட்டு, யுத்தத்தின் ஆரவாரத்தில் அதிகம் கவனிக்கப்படாது கிடந்த ஒரு கட்டுரையை. நடு அணுவைச் சுற்றியுள்ள இலத்திரன் சோடிகளை, பிணைப்பில் உள்ளவை, தனித்து நிற்பவை என்று பேதம் பாராமல் எல்லாவற்றையும் எண்ணினால், அந்த எண்ணிக்கையே வடிவத்தைத் தீர்மானிக்கும் என்பது அதன் சாரம். அதற்கு ஓராண்டு முன்னர் ஜப்பானிலே சுச்சிதா என்பவரும் இதே கருத்தைத் தாமாகவே கண்டிருந்தார். கிலெஸ்பியும் நைஹோமும் 1957இல் எழுதிய கட்டுரையிலே இதனோடு இரண்டு முக்கியமான கருத்துகளைச் சேர்த்தனர். சோடிகள் ஒன்றையொன்று விலக்குவதற்கு வெறும் மின்தள்ளுகையை மட்டும் காரணமாகக் கொள்ளாது, ஒரே சுழற்சியுடைய இலத்திரன்கள் ஓரிடத்தில் நெருங்கலாகாது என்னும் பவுலியின் தவிர்ப்பு விதியையும் அடிப்படையாகக் கொண்டது ஒன்று. எல்லாச் சோடிகளும் சமமாகத் தள்ளுவதில்லை, தனிச்சோடியே அதிக இடம் பிடித்து அதிகமாகத் தள்ளும் என்பது மற்றொன்று. மெதேனில் 109.5 பாகையாக இருக்கும் கோணம், ஒரு தனிச்சோடி உள்ள அமோனியாவிலே 107 ஆகவும், இரண்டு உள்ள நீரிலே 104.5 ஆகவும் ஒடுங்குவதற்கு இதுவே விளக்கம்.

மறு ஆண்டு, 1958இல், கிலெஸ்பி ஹமில்டனுக்கு வந்தார். 1963இலே கொள்கையை மேலும் செம்மைப்படுத்தி, இன்று வழங்கும் பெயரையும் சூட்டி அவர் எழுதிய கட்டுரை, இரசாயன ஆசிரியர்களுக்காகவே நடத்தப்பட்ட சஞ்சிகை ஒன்றிலே வெளியாயிற்று. உயர்ந்த ஆராய்ச்சியைத் தனியே ஒரு மேடையிலும் வகுப்பறையை அதற்குக் கீழே வேறொரு மேடையிலும் வைக்கும் பழக்கத்தை அவர் ஒருபோதும் ஏற்றுக்கொண்டவரல்லர். அவருடைய பெருமைகளுள் இதனையே நான் தலையாயது என்று மதிக்கிறேன்.

இக்கொள்கையைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசிரியர்கள் பலூன்களைப் பயன்படுத்துவது உண்டு. ஊதிய பலூன் இரண்டை அடியிலே சேர்த்துக் கட்டினால் அவை எதிரெதிரே நீளும். மூன்றைக் கட்டினால் தளத்தில் முக்கோணமாய் விரியும். நான்கைக் கட்டினால், யாரும் கையால் ஒழுங்கு செய்யாமலே, மூன்று கீழும் ஒன்று மேலுமாக நான்முகியாய் எழுந்து நிற்கும். ஒவ்வொரு பலூனும் ஒரு சோடி இலத்திரன் என்று கொண்டால் பாடம் முடிந்தது. இதை ஒருமுறை தன் கையாற் கட்டிப் பார்த்த பிள்ளைக்கு, படம் போட்டு மனனம் செய்யும் சிரமம் இல்லை.

வடிவம் கைக்கு வந்த பின் முனைவு தானே வரும் என்றாலும், அங்கும் ஓர் இடறல் உண்டு. நல்ல மாணவர்களும் தடுமாறும் இடம் ஆகையால் அதனை விரித்துச் சொல்கிறேன். போரனோடு மூன்று புளோரின் சேர்ந்தது போரன் முப்புளோரைட்டு. மின்னெதிர்த்தன்மை போரனுக்கு 2.0, புளோரினுக்கு 4.0, பிணைப்பு ஒவ்வொன்றும் கடுமையாக முனைவுற்றது. ஆனால் போரனிடம் தனிச்சோடி இல்லை. மூலக்கூறு தட்டையான முக்கோணம். மூன்று இழுப்பும் சரிக்குச் சரியாகித் திருப்புதிறன் பூச்சியம் ஆகிறது. அமோனியாவிலும் நைதரசன் முப்புளோரைட்டிலும் நைதரசனிடம் ஒரு தனிச்சோடி உண்டு. இரண்டும் கூம்பிய வடிவம். ஆகவே இரண்டும் முனைவுடையவை. இவற்றுள் எது அதிக முனைவுடையது? நைதரசனுக்கு 3.0, ஐதரசனுக்கு 2.1 என்பதால் புளோரின் உள்ள மூலக்கூறே முந்தும் என்றுதான் கணக்குப் போடத் தோன்றும். அளவு மாறாகச் சொல்கிறது: அமோனியாவுக்கு 1.47 டெபாய், நைதரசன் முப்புளோரைட்டுக்கு 0.23 மாத்திரமே. அமோனியாவிலே ஐதரசன்களிடமிருந்து நைதரசனை நோக்கி இலத்திரன் சாய்கிறது, தனிச்சோடியும் அதே பக்கத்தில் நீட்டி நிற்கிறது, இரண்டும் கூடுகின்றன. மற்றதிலோ இலத்திரன் புளோரின்களை நோக்கிக் கீழே சாய, தனிச்சோடி மேலே நிற்கிறது. ஒன்றை ஒன்று ஏறக்குறைய அழித்துவிடுகின்றன. மூலக்கூறை வளைக்கும் தனிச்சோடியே அதன் முனைவுக் கணக்கிலும் ஒரு பங்காளி என்பதை மறந்தவருக்கு இந்தக் கணக்கு ஒருநாளும் நேராது.

கொள்கைக்கு உண்மையான சோதனை மேற்குக் கனடாவிலிருந்து வந்தது. 1962இலே வன்கூவரில், பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில், நீல் பாட்லெற் என்பவர், எதனோடும் சேராதவை என்று நம்பப்பட்டிருந்த சடவாயுக்களில் ஒன்றான செனனைச் சேர்க்கை கொள்ளச் செய்து உலகை வியக்க வைத்தார். விரைவிலே செனனின் புளோரைட்டுகள் ஒவ்வொன்றாகத் தோன்றின. இருபுளோரைட்டு நேர்கோடு, நாற்புளோரைட்டு தட்டையான சதுரம் என்று கிலெஸ்பியின் எண்ணிக்கை சொன்னது அப்படியே பலித்தது. ஆறு புளோரின் கொண்டது வந்தபோது, அது பழுதற்ற எண்முகியாகவே இருக்கும் என்று கோட்பாட்டாளர் பலர் கருத, ஏழாவதாய் ஒரு தனிச்சோடி அங்கே இருப்பதால் உருவம் கோணிநிற்கும் என்று கிலெஸ்பி சொன்னார். 1960களின் இறுதிக்குள் இலத்திரன் விளிம்புவளைவுப் பரிசோதனை அவர் பக்கமே சாட்சி சொல்லிற்று. எல்லா இடத்திலும் வெற்றி என்று சொல்வது சத்தியமாகாது; நடுவணு பெரிதாகவும் சூழ்ந்த அணுக்கள் நெருக்கமாகவும் உள்ள சில அயன்களில், தனிச்சோடி இருந்தும் எண்முகி கோணாமல் நிற்கிறது. கிலெஸ்பி இவற்றை மறைத்தவரல்லர்.

கணிதமின்றி எண்ணிக்கையால் விடை தரும் கொள்கையைச் சக்திச்சொட்டுப் பொறியியல் வல்லோர் சிலர் இளக்காரமாக நோக்கியதும் உண்டு. அதற்குப் பதில் மக்மாஸ்ரரிலேயே, சக பேராசிரியர் ஒருவரிடமிருந்து கிடைத்தது. ரிச்சட் பேடர் என்பவர் மூலக்கூறில் இலத்திரன் அடர்த்தி எங்கே திரள்கிறது, எங்கே ஐதாகிறது என்று சமன்பாடுகளின் வழியே ஆராய்ந்து கொண்டிருந்தார். 1988இலே இருவரும் மக்டூகல் என்பவரோடு சேர்ந்து வெளியிட்ட கட்டுரை, கிலெஸ்பி தனிச்சோடிகளையும் பிணைப்புச் சோடிகளையும் வைத்த இடங்களிலேயே அடர்த்தியின் திரட்சிகளும் தோன்றுவதைக் காட்டிற்று.

நைஹோம் 1971 டிசம்பரிலே ஒரு வாகன விபத்தில் இறந்துபோனார்; அதற்கு முன்னர், இங்கிலாந்துப் பாடசாலைகளின் இரசாயனப் பாடத்தைப் புதுப்பிக்கும் நஃபீல்ட் திட்டத்திலே முன்னின்று உழைத்திருந்தார். கிலெஸ்பி நெடுங்காலம் வாழ்ந்து, ஆரம்ப இரசாயன வகுப்புகளிலே பிள்ளைகளின் தலையில் ஏற்றப்படும் வேண்டாத சுமைகளைக் குறைக்கும்படி ஓயாது எழுதிவந்து, 2007இலே கனடாவின் ஓடர் ஒஃப் கனடா விருதையும் பெற்று, 2021 பெப்ரவரி 26ஆம் நாள், தமது 96ஆவது வயதிலே காலமானார்.

உங்கள் வீட்டுப் பிள்ளை இந்த ஆண்டு எஸ்.சி.எச். 4யு எடுக்கிறதாயின், கிலெஸ்பி என்ற பெயரை அதற்குச் சொல்லிவையுங்கள். போரன் முப்புளோரைட்டு, அமோனியா, நைதரசன் முப்புளோரைட்டு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வரையச் செய்து முனைவைக் கேட்டுப் பாருங்கள். அடுத்த அத்தியாயத்தில், முனைவுடைய நீர் மூலக்கூறுகள் தம்முள் பற்றிக்கொள்ளும் ஐதரசன் பிணைப்பையும், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துப் பேராசிரியர் அருணன் தலைமையிலான சர்வதேசக் குழு 2011இலே அதற்குப் புதிய வரைவிலக்கணம் வகுத்ததையும் பார்ப்போம்.